கண் சொட்டு மருந்து விடும் முறை: வார்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் வார்டில் பயிற்சிக்கு வரும் செவிலியர் மாணவிகளும், நோயாளியின் கட்டிலருகே இருக்கும் உறவினர்களும் மாறி மாறி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை வேளை என்பது மருத்துவர் முடிவு செய்வது. அதைக் கண்ணுக்குள் சேர்க்கும் விதத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே பேச்சு.

சொட்டு மருந்து விடுறதுல கத்துக்க என்ன இருக்கு சிஸ்டர்? தலையை நிமிர்த்திக் கண்ணுல விட்டா முடிஞ்சது, இல்லையா?

இடம் மிகச் சிறியது, அதுதான் சிக்கல். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். அதாவது 20, 30 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி. கண்ணின் மேற்பரப்பில் ஏற்கெனவே 7 முதல் 10 மைக்ரோலிட்டர் கண்ணீர் இருக்கிறது. கீழ் இமைக்குள் உள்ள பையில் வழியாமல் நிற்கக்கூடியது மொத்தமே 30 மைக்ரோலிட்டர் அளவுதான். ஆக, ஒழுங்காக விழுந்த சொட்டிலேயே ஒரு பங்கு வெளியே வழிந்துவிடும். மிச்சமும் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கப் பார்க்கும்.

கன்னத்தில் பாதி வழிந்துபோன மருந்தும் கேஸ் ஷீட்டில் 'கொடுக்கப்பட்டது' என்றுதான் ஏறும். இரண்டு நாள் கழித்து மருந்து கேட்கவில்லையே என்று மருத்துவர் இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். முதல் மருந்து கண்ணுக்குள் போகவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

முதல்ல இருந்து கடைசி வரை ஒரு தடவை வரிசையா சொல்லுங்களேன்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அதன் வீரியம், எந்தக் கண், காலாவதித் தேதி, பாட்டில் திறந்த தேதி எல்லாவற்றையும் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த மருந்துக்கு ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்பதையும் நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கண்ணருகே கையைக் கொண்டுபோனால் யாராக இருந்தாலும் தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள்.

மல்லாந்து படுக்க வைக்கலாம், அல்லது உட்கார்ந்தபடி தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லலாம். மேலே பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஒரு புள்ளியைக் காட்டி அதைப் பார்க்கச் சொன்னால் பார்வை அலையாது. ஒரு விரலைக் கீழ் இமைக்குக் கீழே, கன்ன எலும்பின் மேல் வைத்து மெதுவாகக் கீழே இழுங்கள். அழுத்தம் எலும்பின் மேல் இருக்க வேண்டும், விழியின் மேல் அல்ல. இமைக்குள் ஒரு சின்னப் பை தெரியும். மருந்து பிடித்த கையின் மணிக்கட்டை நோயாளியின் நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். அவர் தலையை அசைத்தாலும் கை கூடவே அசையும், பாட்டில் நுனி கண்ணில் குத்தாது.

நுனியை 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து, அந்தப் பைக்குள் ஒரு சொட்டு விடுங்கள். கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் உள்ள கண்ணாடிபோன்ற படலத்தின் மேல் நேராக விடாதீர்கள். உடம்பிலேயே மிகக் கூர்மையான உணர்ச்சி உள்ள இடங்களில் அது ஒன்று, சொட்டு பட்டதும் கண் இறுக மூடி மருந்தைத் துப்பிவிடும். பிறகு இமையை விட்டு, கண்ணை மெதுவாக மூடச் சொல்லுங்கள். வழிந்ததைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுத்து, மூடியைப் போட்டு, மறுபடி கை கழுவி, உடனே பதிவு செய்யுங்கள்.

ஒரு சொட்டு போதுமா? ரெண்டு விட்டா நல்லாக் கேட்குமே?

கேட்காது. முதல் பதிலில் சொன்ன அளவுகளைப் பாருங்கள்: பை ஒரு சொட்டிலேயே நிரம்பிவிடுகிறது. இரண்டாவது சொட்டு முதல் சொட்டையும் சேர்த்துக்கொண்டு வெளியே போகும், அல்லது மூக்கு வழியாக உடம்புக்குள் போகும். முதல் சொட்டு இமை மேலோ கன்னத்திலோ விழுந்தது கண்ணால் பார்த்து உறுதியானால் மட்டும் இன்னொன்று விடுங்கள். மருந்துச் சீட்டில் இரண்டு சொட்டு என்றே எழுதியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் நடுவே 5 நிமிடம் இடைவெளி விட வேண்டும்.

விட்டதும் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிக்கச் சொல்லலாமா? மருந்து எல்லா இடமும் பரவுமே.

இதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், அனுபவமுள்ள செவிலியர்கள் உட்பட. இமை ஒவ்வொரு தடவை கொட்டும்போதும் கண்ணீரை மூக்கோர முனையில் உள்ள சின்னத் துளைகளுக்குள் தள்ளுகிறது. கொட்டக் கொட்ட மருந்து கண்ணை விட்டு வேகமாகப் போகும். இறுக மூடினால் பிதுங்கி வெளியே வரும். தூங்குபவர் மூடுவதுபோல் லேசாக மூடியிருந்தால் போதும், பரவ வேண்டியது தானாகப் பரவும்.

மூடிய பிறகு, கண்ணின் மூக்கோர முனையில், மூக்கு எலும்பை ஒட்டி, விரல் நுனியால் மிதமாக அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம். கண்ணீர்க் குழாயின் வாய் அடைபட்டு மருந்து கண்ணிலேயே தங்கும். நோயாளிக்கு முடிந்தால் அவரையே பிடிக்கச் சொல்லலாம், கை சுத்தமாக இருக்க வேண்டும்.

கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் போன்ற மருந்துகளில் இந்த அழுத்திப் பிடித்தலை விட்டுவிடவே கூடாது. வாயால் விழுங்கும் மாத்திரையில் ஒரு பங்கைக் கல்லீரல் வடிகட்டிவிடும். மூக்கின் உட்சவ்வு வழியாக உறிஞ்சப்படும் சொட்டு மருந்து கல்லீரலைத் தொடாமல் நேராக ரத்தத்தில் கலக்கிறது. டிமோலால் அப்படிக் கலந்தால் இதயத் துடிப்பு குறையலாம், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம். ஆஸ்துமாவோ மெதுவான நாடித்துடிப்போ உள்ளவருக்கு இந்த மருந்து எழுதப்பட்டிருந்தால், விடுவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணில் விடும் மருந்துதானே என்று ஆஸ்துமாவைச் சொல்லாமல் விடும் நோயாளிகள் நிறைய, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணுல விட்டா தொண்டையில கசக்குதுங்கறாரு அப்பா. ஏதாவது தப்பா?

தப்பில்லை. மேலே சொன்ன குழாய் வழியாக மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கியிருக்கிறது. முனையை அழுத்திப் பிடித்தால் கசப்பு குறையும். கசப்பு குறைகிறதா என்பதை வைத்தே சரியான இடத்தில் அழுத்துகிறாரா என்று கண்டுபிடித்துவிடலாம்.

நாலு மருந்து எழுதியிருக்காங்க. எல்லாத்தையும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா விட்டுட்டுப் போயிடலாமா? டியூட்டியில நேரமே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 5 நிமிடம் விடுங்கள். அதற்குள் அடுத்ததை விட்டால் முன்னது கழுவிக்கொண்டு போய்விடும். நேரமில்லாத சிரமம் எனக்கும் தெரியும். ஒரே நோயாளியிடம் நிற்காமல், முதல் மருந்தை வரிசையாக எல்லோருக்கும் விட்டுவிட்டு இரண்டாவது சுற்றுக்குத் திரும்பி வாருங்கள், இடைவெளி தானாகக் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் நடுவே கை சுத்தம் செய்வது மட்டும் தவறக்கூடாது.

வரிசை இப்படி: தெளிந்த நீர்போன்ற மருந்து முதலில், கலங்கலாகப் பால்போல் இருப்பது அடுத்து, பிறகு ஜெல், கடைசியில் களிம்பு. களிம்பு எண்ணெய்ப் படலமாக மூடிவிடுவதால் அதன் பிறகு விடும் சொட்டு உள்ளே இறங்காது. களிம்பைக் கீழ் இமைப் பைக்குள் மூக்கோரத்திலிருந்து கடைக்கண் நோக்கி ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கோடாக வையுங்கள். சிறிது நேரம் பார்வை மங்கும் என்பதைச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார்கள். அவர் அப்போது எழுந்து நடக்க வேண்டாம்.

பாட்டிலைக் குலுக்கணுமா, கூடாதா?

கலங்கலான மருந்தைக் குலுக்க வேண்டும். பிரெட்னிசோலோன் அசிடேட், பிரின்சோலமைடு, நெபாஃபெனாக், பூஞ்சைத் தொற்றுக்கு விடும் நாட்டமைசின் எல்லாம் இந்த வகை. குலுக்காமல் விட்டால் மேலே நிற்கும் தண்ணீர் மட்டும் விழும், மருந்து அடியில் தங்கிவிடும். தெளிந்த மருந்துக்குக் குலுக்கல் தேவையில்லை.

கண்ணெல்லாம் பீளை ஒட்டியிருக்கு. அப்படியே மருந்தை விட்டுடலாமா?

பீளைக்கு மேல் விட்ட மருந்து பீளைக்குத்தான். முதலில் சுத்தம் செய்யுங்கள். கையுறை போட்டு, ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீர்) நனைத்த பஞ்சையோ காஸ் துணியையோ மூடிய இமையின் மேல் வைத்துக் காய்ந்ததை ஊற விடுங்கள். பிறகு மூக்கோரத்திலிருந்து கடைக்கண் நோக்கி ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு துண்டு. அதே துண்டைத் திருப்பிப் போட்டுத் துடைப்பது கூடாது.

ஒரு கண்ணுல மட்டும் தொற்று. ரெண்டு கண்ணுக்கும் மருந்து இருக்கு. எதுல முதல்ல விடணும்?

நல்ல கண்ணில் முதலில். ஆனால் அதைவிட முக்கியம், இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் பாட்டில் வைத்து வலது, இடது என்று எழுதி ஒட்டுவது. ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குப் போகும்போது கையையும் சுத்தம் செய்யுங்கள். தொற்று இல்லாதபோது, உதாரணமாக இரு கண்ணிலும் அழுத்த நோய்க்கு மருந்து விடும்போது, நுனி எங்கும் படாதவரை ஒரே பாட்டில் போதும்.

ஒருவருடைய பாட்டிலை இன்னொருவருக்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். ஒரே மருந்தாக இருந்தாலும் கூடாது.

விடும்போது நுனி இமை முடியில பட்டுடுச்சு. துடைச்சுட்டு வச்சுக்கலாமா?

துடைப்பதால் பயனில்லை. பாட்டிலை அழுத்திய கை தளரும்போது நுனியில் ஒட்டியது உள்ளே உறிஞ்சப்படுகிறது, நீங்கள் துடைப்பது வெளிப்பக்கத்தைத்தான். பாட்டிலில் சேர்க்கப்பட்டுள்ள பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பாதுகாப்புப் பொருள் ஓரளவு கிருமியைத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்ப முடியாது. சூடோமோனாஸ் போன்ற கிருமி மருந்துக்குள் குடியேறினால், கீறல் விழுந்த கருவிழியை ஓரிரு நாளிலேயே அரித்துவிடும் திறன் அதற்கு உண்டு.

அறுவை முடிந்த கண், கருவிழிப் புண் உள்ள கண், பாதுகாப்புப் பொருள் சேர்க்காத மருந்து: இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் பாட்டிலை மாற்றுங்கள். மற்ற நேரத்திலும் மாற்றுவதே என் பழக்கம்.

திறந்த பாட்டிலை எத்தனை நாள் வச்சுக்கலாம்? காலாவதி அடுத்த வருஷம்தானே போட்டிருக்கு.

அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்த பிறகு பொதுவாக 28 நாள் என்பதே கணக்கு. வார்டில் அதைவிடக் குறைவாக விதி வைத்திருந்தால் அதன்படி நடங்கள். திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதாவிட்டால் இந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை. ஒரு வேளைக்கு மட்டுமான சின்னக் குப்பிகளில் பெரும்பாலும் பாதுகாப்புப் பொருள் கிடையாது, மிச்சத்தை அந்த நிமிடமே எறிந்துவிட வேண்டும்.

லாட்டனோபிராஸ்ட் போன்ற சில மருந்துகள் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். திறந்த பிறகு 25 டிகிரிக்குள் வெளியே வைத்து 6 வாரம் வரை பயன்படுத்தலாம். குளோராம்பெனிகால் சொட்டையும் குளிர்பெட்டியில்தான் வைப்போம். குளிர்ந்த பாட்டிலை உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்துவிட்டு விட்டால் நோயாளி துள்ளமாட்டார்.

சீட்டுல 'ஓ.டி.'ன்னு இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு தடவையா, வலது கண்ணா?

இரண்டுக்கும் அதே இரண்டெழுத்தை எழுதும் வழக்கம் இருப்பதால்தான் இந்தச் சுருக்கமே ஆபத்தானது. ஊகிக்காதீர்கள், எழுதியவரிடமே கேளுங்கள். உங்கள் பதிவில் 'வலது கண்', 'இடது கண்', 'இரண்டு கண்ணும்' என்று முழுதாக எழுதுங்கள். நோயாளியின் வலது அவருடைய வலது, எதிரே நிற்கும் உங்களுடையது அல்ல. சிரிக்க வேண்டாம், அவசரத்தில் நடக்கிறது.

காதுச் சொட்டுப் பாட்டிலும் கண் சொட்டுப் பாட்டிலும் அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும். கிட்டத்தட்ட அதே வடிவத்தில் உடனடியாக ஒட்டும் பசையும் விற்கிறது. மூடியின் நிறத்தை நம்பாமல் பெயரைப் படியுங்கள். பாவையை (கருவிழிக்குப் பின்னால், ஒளி உள்ளே போகும் துளை) விரிக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி, டிமோலால் வகைக்கு மஞ்சள் என்று ஒரு நிற முறை உண்டு, எல்லா நிறுவனங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. தவறிக் காதுச் சொட்டு கண்ணில் விழுந்துவிட்டால் உடனே நிறைய சலைனாலோ சுத்தமான தண்ணீராலோ கழுவத் தொடங்கி, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

குழந்தை கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது. நாலு பேர் பிடிச்சுத்தான் விடணுமா?

வேண்டாம். மல்லாந்து படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளவே சொல்லுங்கள். மூக்கோர முனையில் உள்ள குழியில் ஒரு சொட்டு வையுங்கள். குழந்தை கண்ணைத் திறக்கும்போது அது உள்ளே வழிந்துவிடும். திறக்கும்வரை தலையைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டால் கை குறுக்கே வராது. அழுதுகொண்டிருக்கும்போது விட்டால் கண்ணீரில் கரைந்தோடிவிடும், அடங்கும்வரை காத்திருக்கலாம்.

அட்ரோபின் போன்ற பாவையை விரிக்கும் மருந்து என்றால் மூக்கோர முனையை அழுத்துவதும், கன்னத்தில் வழிந்ததைத் துடைப்பதும் கட்டாயம். சின்ன உடம்புக்கு அந்தச் சொட்டே பெரிய அளவு. முகம் சிவந்து, வாய் வறண்டு, காய்ச்சல் வந்து, நாடி வேகமெடுத்தால் அடுத்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கான்டாக்ட் லென்ஸ் மேலேயே விடலாமா?

மருத்துவர் லென்ஸோடு விடச் சொல்லியிருந்தால் தவிர, கழற்றிவிட்டு விடுங்கள், 15 நிமிடம் கழித்து மாட்டலாம். மென்மையான லென்ஸ் பாதுகாப்புப் பொருளை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுவதும் கண்ணை எரிக்கும். தொற்று உள்ள கண்ணில் லென்ஸே கூடாது.

அம்மாவுக்குக் கை நடுங்குது. வீட்டுக்குப் போனா தனியாத்தான் விட்டுக்கணும். என்ன செய்யலாம்?

படுத்துக்கொண்டு விடச் சொல்லுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். ஒரு கையால் கீழ் இமையை இழுத்து, அந்தக் கையின் விரல் முட்டியின் மேலேயே பாட்டில் பிடித்த கையை ஊன்றிக்கொள்ளலாம். அதுவும் முடியாவிட்டால் குழந்தைக்குச் சொன்ன மூடிய கண் முறை பெரியவருக்கும் பொருந்தும். அனுப்புவதற்கு முன் அவர் கையாலேயே ஒரு முறை விடச் சொல்லிப் பாருங்கள். 'தெரியும்மா' என்று தலையாட்டுவதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள்.

புரை அறுவை முடிஞ்ச கண்ணைத் தொடவே பயமா இருக்கு. எப்படி விடறது?

கன்ன எலும்பின் மேல்தான் விரல் என்று வரிசையில் சொன்னேன், இங்கே அதை இரட்டிப்பாக நினைவில் வையுங்கள். மேல் இமையைத் தொடவே தேவையில்லை. மூக்கோர முனையை அழுத்துவதை மருத்துவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் லேசாக மூடியிருந்தால் போதும். அந்தக் கண்ணுக்கு அறுவைக்குப் பின் திறந்த புதுப் பாட்டில்தான்.

ஒரு மணிக்கொரு தடவை விடச் சொல்லியிருக்காங்க. நல்லாத் தூங்கறாரு, எழுப்பணுமா?

கருவிழிப் புண்ணுக்கு அப்படி எழுதியிருந்தால் எழுப்புங்கள், இரவு முழுக்க. முதல் ஓரிரு நாளில் மருந்தின் அடர்த்தி குறையாமல் நிற்பதில்தான் பார்வை தப்புகிறது. இரக்கப்பட்டு விட்டுவிடுகிற இரண்டு வேளையில் கிருமி மறுபடி பெருகும். சாதாரணமாக நாளுக்கு மூன்று நான்கு வேளை என்றால் விழித்திருக்கும் நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம். வேளை தவறினால் நினைவு வந்ததும் விடுங்கள், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும். இரண்டையும் சேர்த்து விடுவதில் பயனில்லை என்பதற்கான காரணத்தை ஏற்கெனவே பார்த்தோம்.

வலி தாங்க முடியலைன்னு பரிசோதனை ரூம்ல விட்ட மரப்பு மருந்தையே கேட்கறாரு. ஒரு சொட்டு கொடுத்தா என்ன?

கொடுக்கக்கூடாது, பாட்டிலை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது. பரிசோதனைக்கு ஒரு முறை விடுவது வேறு. புரோபாரகேன் போன்றதைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாமல் நின்று, கருவிழியே கரைந்துபோகும் அளவுக்குப் போகலாம். தாங்க முடியாத வலி என்பதே மருத்துவரை உடனே கூப்பிட வேண்டிய செய்தி. மருந்து விட்டதும் சில நொடி எரிவது சகஜம். எரிச்சல் நேரமாக ஆகக் கூடினாலோ, இமை வீங்கினாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுல நினைவில்லாம இருக்கறவருக்கு விடும்போது வேற ஏதாவது பார்க்கணுமா?

மூன்று விஷயம். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தலையைச் சாய்க்கவோ திருப்பவோ வேண்டாம், இருந்தபடியே கீழ் இமையை இழுத்து விடுங்கள். அடுத்து, அவர் இமை கொட்டுவதில்லை, பலருக்குக் கண் முழுதாக மூடுவதுமில்லை. கருவிழி காய்ந்து புண்ணாகும். ஈரப்படுத்தும் மருந்தை வேளை தவறாமல் விட்டு, இமை மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். கண்ணின் பின்புறத்தைச் சோதிக்கப் பாவையை விரிக்கும் சொட்டு விட்டிருந்தால், எந்த மருந்து, எந்தக் கண், எத்தனை மணிக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுதி, கட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டி, அடுத்த டியூட்டிக்கு வாயாலும் சொல்லுங்கள். டிராபிகமைடு பல மணி நேரம் விரித்து வைக்கும், அட்ரோபின் ஒரு வாரத்துக்கும் மேல். இது தெரியாமல் வருபவர் டார்ச் அடித்துப் பார்த்தால், ஒளிக்குச் சுருங்காத பாவையை மூளையில் ரத்தக்கசிவு என்று எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்கு ஓடுவார். உண்மையாகவே மூளையில் அழுத்தம் கூடினால் அதையும் அந்தப் பாவை காட்டாது. தலையில் அடிபட்டவருக்கு இந்த மருந்தை விடச் சொன்னால், நரம்பியல் பிரிவுக்குத் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்.

கண்ணுல ஏதோ குத்திக்கிட்டு வந்திருக்காரு. டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு ஆன்டிபயாட்டிக் சொட்டாவது விட்டு வைக்கலாமா?

எதுவும் விட வேண்டாம். விழி கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை சொட்டு, களிம்பு, கழுவுதல், இமையை இழுத்துப் பார்த்தல் எதுவும் கூடாது. குத்தியிருப்பதைப் பிடுங்கவும் கூடாது. கண்ணைத் தொடாதபடி சுற்றியுள்ள எலும்பில் பதியும் கெட்டியான கவசத்தை வைத்து ஒட்டி, தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, வாய் வழியாக எதுவும் கொடுக்காமல் வைத்திருங்கள், அறுவை தேவைப்படலாம். ரசாயனம் தெறித்து வந்தவர் என்றால் நேர் எதிர்: யாருக்காகவும் காத்திராமல் அந்த நொடியே கழுவத் தொடங்க வேண்டும்.